கோட்டைக்கு முன்னால் ஊர் இல்லையா?

தரங்கம்பாடியில் விழா என்று யார் ஆரம்பித்தாலும் 1620தான் முதலில் வந்து நிற்கிறது. ஃப்ளெக்ஸில் டேனிஷ் கோட்டை, அதன் மேல் 'நானூறு ஆண்டுப் பழமை' என்று கொட்டை எழுத்து. பேச வருகிறவர்களும் அந்த வருஷத்திலிருந்துதான் கதையை எடுக்கிறார்கள். அதற்கு முன்னால் இங்கே வெறும் மணல்தான் கிடந்தது என்று கேட்கிறவர்கள் நினைத்துக்கொள்ள மாட்டார்களா?

1620 நவம்பரில் நடந்தது என்ன? கப்பலேறி வந்த டேனிஷ்காரர்களுக்கு, தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் ஒப்பந்தம் போட்டு இந்த ஊரைக் குத்தகைக்கு விட்டார். கோட்டை கட்டிக்கொள்ளவும் வியாபாரம் பண்ணவும் இடம் கொடுத்தார். ஊர் என்று ஒன்று இருந்தால்தானே குத்தகைக்கு விட முடியும்! இங்கே ஆள் இருந்தார்கள், கட்டுமரம் இருந்தது, கோயில் இருந்தது. குடிவந்தவன் சாவி வாங்கிய நாளை வீட்டுக்கு அஸ்திவாரம் போட்ட நாள் என்று யாராவது சொல்வார்களா?

கோட்டையிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கிறது மாசிலாமணிநாதர் கோயில். 1306 வாக்கில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் எடுப்பித்தது. நாயக்கர் ஒப்பந்தத்துக்கு முந்நூறு வருஷம் மூத்தது. கடல் அதன் முன்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. அலை வந்து அறைய அறையச் சுவர் விரிசல் விட்டு, பெயர்ந்த கற்கள் தண்ணீருக்குள் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள் நாங்கள். பாறாங்கல்லைக் கொட்டி அலையைத் தடுத்து, அப்புறம் திருப்பணி செய்து, இன்றைக்கு அது நிற்கிறது. கண்ணெதிரே இவ்வளவு பெரிய சாட்சி இருந்தும் வயதைக் குறைத்து எழுத எப்படி மனம் வருகிறது?

என் தங்கை பேத்தி பள்ளிக்கூடத்தில் 'எங்கள் ஊர்' என்று கட்டுரை எழுதினாள். கோயிலில் தொடங்கி, 1306 என்று போட்டிருந்தாள். அதைச் சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் 1620 என்று திருத்திக் கொடுத்திருக்கிறார்கள். நோட்டைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. டீச்சரை மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்? விழாவுக்காக அடித்துக் கொடுத்த துண்டுப் பிரசுரத்தில் அப்படித்தானே இருந்தது!

டேனிஷ்காரர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கோட்டையும் நகர வாயிலும் எங்கள் சொத்துதான். 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு இங்கே அச்சுக்கூடம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தார். அந்தப் பெருமையை இந்த ஊரில் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பழைய ஆளுநர் மாளிகையைப் புதுப்பிக்க டென்மார்க் தேசிய அருங்காட்சியகம் துணை நின்றது. அவர்கள் முன்னோர் வாழ்ந்த இடத்தை அவர்கள் கடல் தாண்டி வந்து பார்க்கிறார்கள். நம் முன்னோர் கதையை யார் வந்து பார்ப்பார்கள்?

1845இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். மீனவர்கள் எங்கேயும் போகவில்லை. 2004 சுனாமியில் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அதே கடலில்தான் திரும்பவும் வலை வீசினார்கள். அந்தக் குடும்பங்களில் ஒருவரை விழா மேடையில் ஏற்றி ஒரு துண்டாவது போர்த்தியிருக்கலாம். கீழே நாற்காலிகூடக் கிடைக்காமல் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

சென்னைக்கும் இதே கதைதான். 1639 ஆகஸ்ட் 22ஐப் பிறந்தநாளாக வைத்துக்கொண்டாடுகிறார்கள். ஆனால் மயிலாப்பூர் அதைவிட மூத்தது என்று வரிந்துகட்டிக்கொண்டு பேச அங்கே ஆள் உண்டு, அச்சில் போடப் பத்திரிகையும் உண்டு. பேரூராட்சி அளவு ஊரில் நாங்கள் கத்தினால் யார் காதில் விழும்?

விழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாராளமாக நடத்தட்டும். 1620 டேனிஷ்காரர் வந்த வருஷம் என்று எழுதட்டும். ஊர் பிறந்த வருஷம் என்று எழுத வேண்டாம். கோட்டையைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறிப் போகிறவர்களுக்குக் கோயிலுக்கு வழிகாட்ட ஒரு பலகை வைக்கட்டும். இவ்வளவையும் மனுவாக எழுதி, நாலு பேர் கையெழுத்துப் போட்டு அதிகாரிகளிடம் கொடுத்தோம். போய்க் கேட்கும்போதெல்லாம் "மேல அனுப்பியிருக்கோம், பார்ப்போம்" என்கிறார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.