கரைவெட்டியில் பறவை எண்ணப் போகலாமா?

"மகள் பெரம்பலூரில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கரைவெட்டி ஏரியில் பறவைகள் கணக்கெடுக்கத் தன்னார்வலராகப் போகிறேன் என்கிறாள். அந்த ஏரிப் பாசனத்தில்தான் எங்கள் 2 ஏக்கர் நெல் இருக்கிறது. வாத்துகள் ராத்திரியில் இறங்கி வயலைக் கெடுக்கின்றன. 'பறவையை எண்ணி எழுதிக் கொடுத்தால், நாளைக்குப் பாசனத் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள்' என்று ஊரில் பேசுகிறார்கள். அவளை அனுப்பலாமா?"

- அரியலூர் மாவட்ட வாசகர் ஒருவர்

தாராளமாக அனுப்பலாம். ஆனால், ஊரில் பேசப்படும் பயத்தை வெறும் வதந்தி என்று தள்ளிவிடுவதும் சரியல்ல. அதற்குப் பதில் சொல்லிவிட்டு மகள் விஷயத்துக்கு வருவதே முறை.

கரைவெட்டி ஏரி சுமார் 454 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 1,120 ஏக்கர் பரப்பு கொண்டது. புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வரும் காவிரி நீரும், வடகிழக்குப் பருவமழையும்தான் அதை நிரப்புகின்றன. 1999-ம் ஆண்டிலேயே இது பறவைகள் சரணாலயம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் நெல், கரும்பு, பருத்தி, மக்காச்சோளம் என்று சுற்றுவட்டார விவசாயம் இந்தத் தண்ணீரில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2024 ஜனவரி கடைசியில் ராம்சர் பட்டியலில் சேர்ந்த அறிவிப்பு வந்தபோது, இந்தப் பாசனத்தையும் சேர்த்தே அரசு குறிப்பிட்டது. ராம்சர் என்பது ஈரான் நாட்டில் உள்ள ஓர் ஊர். 1971 பிப்ரவரி 2-ம் தேதி, ஈரநிலங்களைக் காப்பதற்கான ஒப்பந்தம் அங்கேதான் கையெழுத்தானது. ஏரியின் இயல்பு கெடாமல் அளவறிந்து பயன்படுத்தலாம் என்பதுதான் அந்த ஒப்பந்தத்தின் அடிப்படை. மதகை மூடு என்று அது சொல்லவில்லை.

உரசல் வரவே வராதா என்றால், வரும். பொதுவாக வலசைப் பறவைகள் ஐப்பசி, கார்த்திகையில் வந்து, பங்குனி வாக்கில் கிளம்பிவிடும். அதற்குள் சம்பா அறுவடையும் முடிந்துவிடுவதால் இரண்டு கணக்கும் பெரும்பாலும் ஒத்துப்போகும். மழை பொய்த்த ஆண்டில்தான், இருக்கும் கொஞ்சத் தண்ணீர் பயிருக்கா, பறவைக்கா என்ற கேள்வி எழும். அந்த நேரத்தில் விவசாயிகளின் கையில் என்ன ஆதாரம் இருக்கிறது என்பதுதான் முக்கியம். வாய்க்காலில் தண்ணீர் வராத ஆண்டில் பறவைகளும் குறையும். 'ஏரிக்குத் தண்ணீர் வேண்டும், வரத்து வாய்க்காலைத் தூர்வார வேண்டும்' என்று மனு கொடுப்பவர்களுக்கு, ஆண்டுதோறும் எடுத்த அந்தக் கணக்கே சாட்சியாக நிற்கும். வாசகரின் மகள் எழுதப்போகும் எண்ணிக்கையும் அதில் ஒன்றுதான்.

இது புதிய விஷயமும் அல்ல. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்று தெரிந்துவைத்திருந்த வேடந்தாங்கல் விவசாயிகள், வேட்டையாடிய வெள்ளைக்காரர்களைப் பற்றிப் புகார் செய்து, 18-ம் நூற்றாண்டின் கடைசியில் அன்றைய செங்கல்பட்டு கலெக்டரிடமே பாதுகாப்புப் பத்திரம் வாங்கினார்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிப் பறவைகள் மிரளக் கூடாது என்று இன்றும் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

சரி, மகள் அங்கே என்ன செய்வாள்? கணக்கெடுப்பு பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள், வனத்துறை அறிவிக்கும் நாள்களில் நடக்கும். பொழுது விடிவதற்குள் கரைக்கு வந்துவிட வேண்டும். வனத்துறை ஊழியர், பறவை தெரிந்த ஒருவர், மாணவர்கள் என்று சின்னச்சின்னக் குழுக்களாகப் பிரிப்பார்கள். எல்லாக் குழுவும் ஒரே நேரத்தில் எண்ண வேண்டும். இல்லையென்றால், இந்தப் பக்கம் எண்ணிய கூட்டமே பறந்துபோய் அந்தப் பக்கமும் கணக்கில் ஏறிவிடும். ஆயிரக்கணக்கில் மிதக்கும் வாத்துகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் 50 பறவைகளை எண்ணி, அந்தக் கூட்டம் தண்ணீரில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, அதே அளவைக் கொண்டு மீதியை அளப்பார்கள். களத்தில் நெல் அம்பாரத்தைப் பார்த்தே இத்தனை மூட்டை தேறும் என்று சொல்லும் வீட்டுப் பிள்ளைக்கு இது சுலபமாகவே வரும்.

கரைவெட்டியில் பதிவான பறவை வகைகள் ஏறத்தாழ 200. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் எல்லாம் வரும். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளும் உண்டு. மங்கோலியாவில் ஆய்வாளர்கள் சில வரித்தலை வாத்துகளின் கழுத்தில் எண் எழுதிய பட்டை மாட்டி விடுகிறார்கள். அப்படி ஒரு பட்டை தென்பட்டால், அந்த எண்ணைக் குறித்துக்கொடுப்பது பெரிய உதவி. நத்தைக்குத்தி நாரையை அவள் அப்பாவுக்கும் காட்ட வேண்டும். வயலில் நத்தையைப் பொறுக்கித் தின்கிற கூலியில்லாத வேலையாள் அது.

வாத்துத் தொல்லை பொய் அல்ல. இரவில் தேங்கிய தண்ணீரைப் பார்த்துத்தான் அவை இறங்கும். நேரடி விதைப்பு வயலில் முதல் சில நாள்கள் தண்ணீரை வடித்துவைத்தால் இறங்குவது குறையும். பளபளக்கும் ரிப்பன் கட்டுவதும் ஓரளவு உதவும். வலை விரிப்பதும், குருணை மருந்து கலந்த நெல்லை வைப்பதும் வேண்டவே வேண்டாம். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். மருந்து நெல்லை வீட்டுக் கோழியும் தின்னும்.

இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. வேலைவாய்ப்புக்கு நேரடி உத்தரவாதமும் இல்லை. அப்படி ஆசை காட்டி யாராவது பணம் கேட்டால் விலகிவிடுவது நல்லது. ஆனால், பழகும் பழக்கம் பெரியது. சென்னையில் 1988 முதல் மாணவர்களே நடத்தும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று இருக்கிறது. ஆமைகள் முட்டையிடும் பருவத்தில், இரவெல்லாம் கடற்கரையில் நடந்து முட்டைகளை எடுத்துவந்து பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். மாணவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், வேலை நின்றபாடில்லை.

பெரம்பலூர் பக்கம் கோடையில் புள்ளிமான்கள் தண்ணீர் தேடி வந்து, சுவர் இல்லாத கிணறுகளில் விழுகின்றன. அப்போது ஊரே கூடிக் கூச்சல் போட்டால், மான் அடிபட்டதைவிட அதிர்ச்சியிலேயே செத்துவிடும். வனத்துறைக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் சொல்லிவிட்டு, கூட்டத்தை விலக்கி, நாய்களைத் தள்ளி நிறுத்தி, மேலே எடுத்த மானின் கண்ணைத் துணியால் மூடத் தெரிந்த ஒரு பிள்ளை ஊரில் இருப்பது நல்லதுதானே?

பெயர் கொடுக்க, டிசம்பரிலேயே கல்லூரியின் விலங்கியல் துறையிலோ, நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரிடமோ, வனச்சரக அலுவலகத்திலோ கேட்டுவைக்கலாம். மங்கலான நிறத்தில் உடை, தொப்பி, தண்ணீர், நோட்டுப் புத்தகம் போதும். முதல் ஆண்டே பைனாகுலர் வாங்க வேண்டியதில்லை. பெரும்பாலும் குழுவில் ஒன்று இருக்கும். அந்த நேரத்துக்குப் பஸ் இருக்காது என்பதால், அப்பாவே வண்டியில் கொண்டுவந்து விட வேண்டியிருக்கும். அப்படியே கரையில் நின்று, தன் வயலில் இறங்குவது எந்த வாத்து என்று அவரும் பார்த்துக்கொள்ளலாம்.