கிளம்புகிறதுக்கு முந்தைய பத்து நாள்

மகளுக்குப் பிரசவம் பார்க்க அமெரிக்கா போகிற அம்மாவுக்கு யோசனை சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. லேகியத்தை எப்படிக் கட்டி எடுத்துப் போகணும், மிளகாய்த்தூளை எந்தப் பெட்டியில் வைக்கணும், அங்கே குளிர் எப்படி இருக்கும் என்று தெருவே கூடிச் சொல்லும். திரும்பி வருகிறதைப் பற்றி மட்டும் ஒருத்தரும் வாயைத் திறக்கிறதில்லை. என்ன இருக்கு அதில், பெட்டியைக் கட்டிக்கொண்டு வர வேண்டியதுதானே என்கிறீர்களா? அந்தக் கடைசிப் பத்து நாளைப் பற்றித்தான் இந்த முறை எழுதப் போகிறேன்.

நானும் எங்கள் வீட்டுக்காரரும் நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் ஆறு மாசம் இருந்தோம். மே மாச ஆரம்பத்தில் போனோம். ஜூனில் பேத்தி பிறந்தாள். அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை கிளம்பணும். பாஸ்போர்ட்டில் ஒட்டின விசா 10 வருஷத்துக்கு என்று போட்டிருந்தாலும் அதை நம்பி உட்கார்ந்துவிட முடியாது. போய் இறங்குகிற விமான நிலையத்தில் அதிகாரி எந்தத் தேதி வரைக்கும் இருக்கலாம் என்கிறாரோ, அதுதான் கணக்கு. நம்மைப் போல் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் 6 மாசம். நீட்டிக்கச் சொல்லி விண்ணப்பம் போடலாம். ஆனால் கொண்டுபோன மாத்திரையும் மருத்துவக் காப்பீடும் அதுவரைக்கும் வரணுமே! "தீபாவளி வரைக்கும் இருங்களேன்மா" என்று மகள் ஒரே ஒரு தடவை சொன்னாள். காலண்டரைப் பார்த்தாள். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

செப்டம்பரிலேயே மகள் வேலைக்குத் திரும்பியாகிவிட்டது. பகல் முழுக்கக் குழந்தை என்னிடம்தான். நாங்கள் சனிக்கிழமை கிளம்பினால், திங்கட்கிழமையிலிருந்து டே கேர். அந்த மாநிலத்தில் ஒன்றரை வயசுக்கு உட்பட்ட 4 குழந்தைகளுக்கு ஒரு ஆள் இருக்கணும் என்று விதி. நல்ல விதிதான். ஆனால் நம் மனசு என்ன கணக்குப் போடும்? இங்கே ஒரு குழந்தைக்கு ரெண்டு பேர் இருந்தோம், தாத்தாவையும் சேர்த்து.

பத்து நாள் இருக்கும்போது ஒரு ராத்திரி மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. இனிமே அவளைக் கால்ல போட்டுத் தூங்க வைக்காதீங்க" என்றாள்.

சுருக்கென்றது. மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? பிறந்ததிலிருந்து கால் நீட்டி, காலில் கிடத்தி ஆட்டி, தாலாட்டுப் பாடித் தூங்க வைத்த குழந்தை. ஆனால் மகள் சொன்னதில் நியாயம் இருந்தது. "அங்கே ஒருத்தரும் இப்படி ஆட்டமாட்டாங்கம்மா. கட்டில்ல மல்லாக்கப் போட்டு, தட்டிக் குடுப்பாங்க, அவ்வளவுதான். நீங்க இருக்கும்போதே கத்துக்கட்டும். அழுதா பக்கத்துல நீங்க இருப்பீங்க. நீங்க போனப்புறம் முதல் தடவையா அழுதா..." என்று சொல்லி நிறுத்தினாள்.

இந்த இடத்தில் பல வீடுகளில் சண்டை வருகிறது. "உன்னையெல்லாம் தூளியில போட்டுத்தான் வளர்த்தேன், நீ நல்லா இல்லையா?" என்று நாம் ஆரம்பிப்போம். அந்த ஊர் டாக்டர்கள் சொல்வதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வருஷத்தில் குழந்தை மல்லாந்து படுக்கணும். மெத்தை கெட்டியாக இருக்கணும். தலையணை, போர்வை, பொம்மை எதுவும் உள்ளே கூடாது. 1994-இல் இதை நாடு முழுக்கச் சொல்ல ஆரம்பித்தார்கள். தூக்கத்தில் காரணம் தெரியாமல் குழந்தை இறந்துபோகிறது அதற்கப்புறம் அங்கே பாதியாகக் குறைந்துவிட்டது. இதற்கு மேல் வாதாட என்ன இருக்கிறது? கண் மையும் அப்படித்தான். கடை மையில் ஈயம் இருந்து குழந்தைகளுக்குக் கெடுதல் வந்திருப்பதால் அங்கே அது கூடாது. கருகமணி வளையலைக் கழற்றிவிட்டு அனுப்பச் சொன்னது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. மணி அறுந்து வாயில் போனால் யார் பதில் சொல்கிறது என்று யோசித்து நானே கழற்றினேன். ஒரு டப்பாவில் போட்டு மகள் பீரோவில் வைத்திருக்கிறேன்.

அடுத்த நாளே ஆரம்பித்தோம். தூக்கம் கண்ணைச் சுற்றும்போது, முழுசாகத் தூங்குகிறதுக்கு முன்னாலேயே கட்டிலில் விட்டுவிடணும். அதே தாலாட்டு, ஆனால் மடி இல்லை. கை மட்டும் நெஞ்சின் மேல். முதல் ராத்திரி 25 நிமிஷம் அழுதாள். இவர் எழுந்து, குளிரில் ஸ்வெட்டர்கூடப் போடாமல் கொல்லைப்புறத்து மரத்தாழ்வாரத்தில் போய் நின்றுகொண்டார். மாப்பிள்ளை கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்; அதில் ஒன்றும் ஓடவில்லை. நான் தட்டிக்கொண்டே இருந்தேன். அவள் அழுதுகொண்டே என் காலைத் தேடினாள். அதை எழுதுகிறதுக்கு எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை.

மூணாம் நாள் 10 நிமிஷம். ஆறாம் நாள் சிணுங்கல்தான். எட்டாம் நாள் நான் தாலாட்டை முடிக்கிறதுக்குள் தூங்கிப்போனாள். மகள் சந்தோஷத்தில் என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் சந்தோஷம்தான். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. என் பழைய நூல் புடவை ஒன்றை மகள் கேட்டு வாங்கிக்கொண்டாள், குழந்தைக்கு வாசனை பழகியிருக்கிறது என்று. ஒரு வயசு வரைக்கும் அதைக் கட்டிலுக்குள் போடக்கூடாது. பால் கொடுக்கிற நாற்காலியின் முதுகில் மடித்துப் போட்டிருக்கிறாள்.

மகளையும் கவனியுங்கள். அம்மா கிளம்புகிறாள், வேலையிலும் நெருக்கடி, ராத்திரித் தூக்கம் கிடையாது. பிள்ளை பெற்றவளுக்கு மனச்சோர்வு முதல் மாசத்தில்தான் வரும் என்று நினைக்காதீர்கள். முதல் வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். நீங்கள் கிளம்புகிறபோது அழுவது இயற்கை. ஆனால் ரெண்டு வாரத்துக்கு மேல் அழுகை நிற்கவில்லை, குழந்தை தூங்கும்போதுகூடத் தனக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்றால் டாக்டரிடம் சொல்லணும். இதை மகளிடம் சொல்வதைவிட மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நான் சொன்னேன். "சரிங்க அத்தை, பாத்துக்கறேன்" என்றார். அதோடு விடாமல் என்னென்ன பார்க்கணும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். நல்ல பிள்ளை.

சமையலுக்கு வருகிறேன். கடைசி வாரத்தில் அம்மாக்கள் எல்லாரும் செய்கிற காரியம், டப்பா டப்பாவாகச் சாம்பாரும் கூட்டும் செய்து உறைய வைக்கிறது. ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் சமைத்த பதார்த்தம் 3, 4 நாள்தான். உறைபெட்டியில் வைத்தால் கெடாது. ஆனால் ரெண்டு, மூணு மாசத்தில் ருசி போய்விடும். அதற்காக ஒரு வாரம் முழுக்க அடுப்படியில் நிற்பானேன்? பருப்புப் பொடி, ரசப் பொடி, புளிக்காய்ச்சல், இது போதும். மிச்ச நேரத்தில் மாப்பிள்ளைக்குச் சாம்பார் வைக்கச் சொல்லிக் கொடுங்கள். எங்கள் மாப்பிள்ளை வைத்த முதல் சாம்பார் ரசம் மாதிரி இருந்தது. மூணாவது என்னுடையதைவிடத் தேவலை என்று இவர் சொன்னார். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை.

பெட்டி கட்டுகிறது இவர் இலாகா. தூக்கிப் பார்க்கிற தராசு ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு வாரமாக ஒரே பெட்டியை 23 கிலோவுக்கு நிறுத்தார். கூட்டினார், குறைத்தார். சொந்தக்காரர்களுக்கு என்று 5 கிலோ பாதாம் பருப்பு வேறு! உலகத்துப் பாதாமில் ஏறக்குறைய 80 சதவீதம் கலிபோர்னியாவில்தான் விளைகிறது. அதை அதிகமாக வாங்குகிற நாடும் நம்முடையதுதான். ரங்கநாதன் தெருப் பக்கம் நாம் வாங்குகிறதும் பெரும்பாலும் அதே பாதாம்தான். இதைச் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்குப் பாதாம் முக்கியமில்லை, கைக்கு ஒரு வேலை வேணும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஆண்பிள்ளைகள் இப்படித்தான். அவர்கள் பெட்டி கட்டட்டும், விட்டுவிடுங்கள்.

கடைசிக்கு முந்தின நாள் எந்த வேலையும் வைத்துக்கொள்ளவில்லை. கடைக்குப் போகவில்லை, விருந்துக்கு யாரையும் கூப்பிடவில்லை. சாயந்திரம் மரத்தாழ்வாரத்தில் நானும் இவரும் உட்கார்ந்தோம். குழந்தை இவர் மடியில், கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு. எதிரே மேப்பிள் மரம் மஞ்சளும் சிவப்புமாக நின்றது. பகல் குறையக் குறைய இலையில் பச்சையம் போய்விடுகிறது. மஞ்சள் முதலிலிருந்தே உள்ளே இருப்பதுதான், சிவப்பு மட்டும் அப்போது புதுசாகச் சேருகிறது என்று இவர் குழந்தைக்குப் பாடம் நடத்தினார். ஓய்வு பெற்ற வாத்தியார் ஆயிற்றே! அப்புறம், "அடுத்த தடவை வர்றப்போ இவ நடந்துக்கிட்டிருப்பா" என்றார்.

இவருக்கு 74 வயசு. முழங்கால் இப்போதே மாடிப்படியில் சத்தம் போடுகிறது. எனக்குச் சர்க்கரை. அடுத்த தடவை என்றால் எப்போது, எந்த உடம்போடு என்று நான் கேட்கவில்லை. அவரும் அதற்குமேல் சொல்லவில்லை. "நடப்பா, ஓடுவா" என்றேன். காற்று அடித்தது. குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு போனோம்.

பயணத்துக்குச் சில விஷயம் சொல்லணும். நடக்கக் கஷ்டமென்றால் சக்கர நாற்காலிக்கு விமானக் கம்பெனியிடம் முன்கூட்டியே, ரெண்டு நாள் இருக்கும்போதாவது சொல்லி வையுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. மாத்திரை, இன்சுலின், மருந்துச்சீட்டு எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். அடியில் போகிற பெட்டியில் வைத்தால் இன்சுலின் உறைந்துபோகலாம், பெட்டியே காணாமலும் போகலாம். கிழக்கே வரும்போது நாள் சுருங்கிவிடுகிறதால் இன்சுலினை எந்த வேளைக்குப் போட்டுக்கொள்வது என்று டாக்டரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளணும். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து போகிறவர்களுக்குக் காலில் ரத்தம் உறையும் அபாயம் ரெண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் சொல்லியிருக்கிறது. அப்படியும் 6,000 பேரில் ஒருத்தருக்குத்தான், பயப்பட வேண்டாம். பாதத்தைச் சுழற்றுங்கள், மணிக்கொரு தரம் எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். முன்பு ரத்தக்கட்டி வந்தவர்களும், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஏறக்கூடாது.

விமான நிலையத்தில் நடந்ததை நான் எழுதப் போகிறதில்லை. எல்லார் வீட்டிலும் நடக்கிறதுதான்.

வந்து சேர்ந்தபின் தூக்கம் சரியாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். பகலில் வெளிச்சத்தில் இருங்கள், ஊர் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பகல் தூக்கத்தை அரை மணியோடு நிறுத்துங்கள். பேத்தி முகம் மறந்துவிடுவாளோ என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒன்று: ஒன்றரை வயசுக்குக் கீழே திரையே காட்ட வேண்டாம் என்கிற அமெரிக்கக் குழந்தை டாக்டர்கள் சங்கம், வீடியோவில் பேசுகிறதுக்கு மட்டும் 2016-இல் விலக்கு கொடுத்திருக்கிறது. தினம் ஒரே நேரத்தில், கொஞ்ச நேரம், அதே தாலாட்டு. அஞ்சு மாசக் குழந்தைக்கு அது போதும்.

திங்கட்கிழமை அங்கே சாயந்திரம் ஐந்தரை என்றால், இங்கே செவ்வாய்க்கிழமை விடிகாலை 3 மணி. ரெண்டு பேருக்கும் தூக்கம் இல்லை. யாரும் யாரிடமும் சொல்லாமல் கூடத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தோம். போன் வந்தது. மகள் டே கேர் வாசலில், காருக்குள்.

"ரெண்டு தடவை தூங்கினாளாம்மா. கட்டில்ல போட்டுத் தட்டினாங்களாம், தூங்கிட்டாளாம்."

"அழுதாளா?" என்றார் இவர்.

"முதல்ல கொஞ்சம்பா."

போனைக் குழந்தை பக்கம் திருப்பினாள். "கண்ணம்மா" என்றேன். கையை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தலையைத் திருப்பித் தேடினாள். போனை இல்லை, கார்க் கதவை.

பேசி முடித்ததும் இவர் போய்ச் சமையலறை விளக்கைப் போட்டார். "இனிமே எங்க தூங்கறது, காப்பி போடட்டுமா?" என்றார். பால் பாக்கெட் வர இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்தது. கடுங்காப்பி போட்டுக் குடித்தோம்.