பித்தப்பை கல்லை மூலிகைக் கலவை கரைக்குமா? நம்பும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

“ஆபரேஷனே வேணாம்... கல் தானா கரைஞ்சிடும்!” பித்தப்பை கல்லுக்கு வாட்ஸ்அப்பிலும் ரீல்ஸிலும் சுற்றும் வாக்குறுதி இது. மஞ்சள், கீழாநெல்லி, ஆர்டிசோக், டேன்டேலியன் எனப் பல மூலிகைகள் சேர்ந்த பொடியும் மாத்திரையும் ஆன்லைனில் எளிதாகக் கிடைக்கின்றன. இவை பலன் தருமா?

கிட்னி கல் மாதிரிதானே?

இல்லை. குழப்பமே இங்கேதான் தொடங்குது. சிறிய கிட்னி கல் சிறுநீரோடு வெளியேறிவிடும். பித்தப்பைக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் தொடர்பே கிடையாது. அதனால் வாழைத்தண்டு ஜூஸ் குடித்துப் பித்தப்பை கல்லை வெளியேற்ற முடியாது.

கல்லீரலில் சுரக்கும் பித்தநீர், பித்தப்பையில் சேமிக்கப்படுகிறது. சாப்பிட்டதும் பை சுருங்கி, குறுகிய குழாய் வழியாக அதைச் சிறுகுடலுக்கு அனுப்பும். கல் நகர்ந்து அந்தக் குழாயில் சிக்கினால் மஞ்சள் காமாலை, கிருமித்தொற்று, கணைய அழற்சி வரை போகலாம். அதாவது, கல்லை ‘வெளியே தள்ளுவது’தான் ஆபத்தே!

மூலிகையில் என்ன சிக்கல்?

இந்தக் கலவைகளில் உள்ள பல மூலிகைகள் பித்தநீர் சுரப்பைக் கூட்டும். சில, பித்தப்பையைச் சுருங்க வைக்கும். அஜீரணத்துக்கு இது உதவலாம். கல் இருப்பவருக்கு இதுவே வினையாகலாம். பித்தப்பை கல், பித்தக்குழாய் அடைப்பு உள்ளவர்கள் ஆர்டிசோக், டேன்டேலியன் மருந்துகளைத் தவிர்க்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய மருந்துகள் முகமை.

மஞ்சள் சப்ளிமென்ட் எடுத்த சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதால், 2019-ல் இத்தாலி அரசு லேபிளில் எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. கவனிக்க: இது குழம்பில் போடும் மஞ்சள் அல்ல, செறிவூட்டப்பட்ட மாத்திரை. பல மூலிகைகள் சேரும்போது, பாதிப்பு எதனால் வந்தது என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

கரைக்கும் மருந்தே இல்லையா?

இருக்கு. அர்சோடியாக்சிகோலிக் அமிலம், சிறிய கொலஸ்ட்ரால் கற்களைக் கரைக்கும். ஆனால் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். நிறுத்தினால் கல் திரும்ப வரலாம். மென்தால் உள்ளிட்ட தாவர எண்ணெய்க் கூறுகள் சேர்ந்த ‘ரோவாகால்’ 1970-களில் பிரிட்டனில் சோதிக்கப்பட்டது. சிலருக்கு மட்டுமே கல் கரைந்தது.

ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் பச்சைப் பச்சையாக ‘கல்’ வருதே? ஒரு பெண்ணுக்கு அப்படி வந்ததை ஆய்வு செய்ததில், அது எண்ணெயும் சாறும் சேர்ந்து குடலில் உருவான சோப்பு போன்ற உருண்டை எனத் தெரிந்தது. 2005-ல் லான்செட் இதழ் இதை வெளியிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தின் பட்டியலில் பித்தப்பை கல்லும் உண்டு. இதைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களிடம் மருந்து விளம்பரம் செய்வது குற்றம்.

எப்போது உஷாராகணும்?

கல் இருந்தும் தொந்தரவு இல்லையென்றால், பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. அடிக்கடி வலி வந்தால் லேப்ராஸ்கோபி மூலம் பித்தப்பையை அகற்றுவதே வழக்கமான சிகிச்சை.

வலது மேல்வயிற்றில் வலி, குளிர் காய்ச்சல், கண்ணில் மஞ்சள் நிறம் மூன்றும் சேர்ந்து வந்தால் அது பித்தக்குழாய்த் தொற்றாக இருக்கலாம். ‘காமாலைதானே, கீழாநெல்லி போதும்’ என்று காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைக்குப் போங்க. ஏற்கெனவே மூலிகை மருந்து எடுத்திருந்தால், அதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்க.