ஆய்வகத்துப் பெண்ணுக்கு லேப்டாப் எதற்கு?

கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு பெண் எம்.எஸ்ஸி. மாலிகுலர் பயாலஜி முதல் வருடம் சேர்ந்திருக்கிறாள். அவளுடைய அம்மா போன வாரம் காய்கறி வண்டியருகே என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏங்க்கா, உயிரியல்தானே படிக்கப் போறா? வெள்ளைக் கோட்டு வாங்கச் சொன்னாங்க, வாங்கிட்டோம். இப்ப லேப்டாப் வாங்கணுமாம். பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ்னு ஒரு பேப்பர் இருக்காம். இது கம்ப்யூட்டர் படிப்பா, உயிரியல் படிப்பா? ஏமாத்துறாங்களா?"

ஏமாற்றவில்லை. ஆனால் கேள்வி நியாயமானது. ஃபீஸ் கட்டும் வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தப் பேப்பர் என்ன சொல்லித் தருகிறது என்று யாராவது புரியவைக்க வேண்டும். கல்லூரிக் கையேட்டில் இருக்கும் பாடத்திட்டத்தைப் படித்தால் நமக்கு இன்னும் குழப்பம்தான் வரும்.

விஷயம் இவ்வளவுதான். உயிர்களின் குறிப்பேடு டிஎன்ஏ. அதில் நான்கே எழுத்துகள்: ஏ, சி, ஜி, டி. கொரோனா வைரஸுக்கு டிஎன்ஏ கிடையாது, அதன் தம்பியான ஆர்என்ஏதான். அதில் ஏறக்குறைய முப்பதாயிரம் எழுத்துகள். 2020 ஜனவரி 11 அன்று வெளியான முதல் வரிசையில், பிற்பாடு திருத்தியபின், 29,903 எழுத்துகள் என்று கணக்கு. காசநோய்க் கிருமிக்குச் சுமார் 44 லட்சம். மனிதருக்குச் சுமார் 300 கோடி. அந்தக் காலத்தில் ஒரு ஜீனைப் படிக்கவே வருடக்கணக்காகும். இப்போது இயந்திரம் ஒரு நாளில் கோடிக்கணக்கில் எழுத்துகளைக் கொட்டிவிடுகிறது. கொட்டியதை யார் படிப்பது? கண்ணால் ஆகாது. அதைக் கணினியை வைத்துப் படிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் உயிரித் தகவலியல்.

நம் ஊர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். அதற்கு முன் ஊர் ஊராகப் போய் ஏடுகளைத் தேடினார். ஒரே நூலின் பல ஏடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். ஏடு எழுதியவர் ஓரிடத்தில் எழுத்தை விட்டிருப்பார், ஓரிடத்தில் மாற்றியிருப்பார், ஓரிடத்தில் கூட்டியிருப்பார். டிஎன்ஏ படியெடுக்கப்படும்போதும் நடப்பது அதே மூன்றுதான்: விடுபடுதல், மாறுதல், கூடுதல். இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், இரண்டும் ஒரே மூல ஏட்டிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். வைரஸ் யாரிடமிருந்து யாருக்குப் பரவியது என்று மரம் வரைகிறவர்கள் செய்வதும் இந்த ஊகத்தைத்தான். பாட பேதம் பார்க்கத் தெரிந்த மொழிக்காரர்களுக்கு இந்தப் பேப்பர் அந்நியமே இல்லை என்பது என் கட்சி.

ஒப்பிடுவது எப்படி? எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். 'கள்ளிக்குப்பம்' என்பதில் எட்டு எழுத்து. சிலர் அவசரத்தில் ஒற்றை விட்டுவிட்டு 'கள்ளிகுப்பம்' என்று எழுதுவார்கள், அது ஏழு. இரண்டையும் முதலிலிருந்து எழுத்துக்கு எழுத்து நேராக வைத்தால் க, ள், ளி மூன்றும் பொருந்தும். அப்புறம் எல்லாம் ஒரு கட்டம் தள்ளிப்போய் நான்கு எழுத்துகள் பொருந்தாது, கடைசி எழுத்துக்கு ஜோடியே இருக்காது. பொருந்தினால் 1, பொருந்தாவிட்டால் கழித்தல் 1, இடைவெளிக்குக் கழித்தல் 2 என்று மதிப்பெண் போட்டால், மொத்தம் கழித்தல் 3. இரண்டாவது பெயரில் 'க்' இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இடைவெளி விட்டுப் பாருங்கள். ஏழும் பொருந்தும், ஓர் இடைவெளிக்கு 2 போகும், மதிப்பெண் 5. இரண்டும் ஒரே ஊர்தான் என்று கணினிக்கும் தெரிந்துவிடும்.

சின்னப் பெயருக்கு இது எளிது. ஆயிரம் எழுத்துகளுக்கு இடைவெளியை எங்கெங்கே விட்டால் மதிப்பெண் கூடும் என்று எல்லா வழிகளையும் சோதித்துக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது. கட்டம் போட்ட தாளில் படிப்படியாக நிரப்பிச் சிறந்த பொருத்தத்தைக் கண்டுபிடிக்கும் முறையை 1970-ல் நீடில்மன், வுன்ஷ் இருவரும் சொன்னார்கள். 1981-ல் ஸ்மித், வாட்டர்மன் இருவரும் முழு வரிசைக்குப் பதிலாக அதிலுள்ள ஒத்த துண்டுகளை மட்டும் கண்டுபிடிக்க வழி சொன்னார்கள். 1990-ல் 'பிளாஸ்ட்' வந்தது. உங்களிடம் இருக்கும் ஒரு வரிசையை உலகத்துச் சேமிப்பில் இருக்கும் எல்லா வரிசைகளோடும் வேகமாக ஒப்பிட்டு 'இதைப் போல இருப்பவை இவை' என்று பட்டியல் தரும். உயிரியல் படிக்கும் எந்தப் பிள்ளையும் இதைத் தொடாமல் பட்டம் வாங்க முடியாது.

இங்கேதான் எனக்கு ஒரு வருத்தம். பல இடங்களில் இந்தப் பேப்பர் என்றால் 'இந்த இணையதளத்தைத் திற, இந்தப் பெட்டியில் ஒட்டு, பட்டனை அழுத்து, வந்த திரையைப் பிரின்ட் எடுத்து ரெக்கார்டில் ஒட்டு' என்று முடிந்துவிடுகிறது. பிள்ளைகளும் பட்டியலில் முதலில் வந்ததை விடையென்று எழுதிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'இ-வேல்யூ' என்று ஓர் எண் இருக்கும். அதைப் பார்க்கத் தெரியாவிட்டால் மற்றதெல்லாம் அலங்காரம்.

அந்த எண் என்ன சொல்கிறது? எங்கள் தெரு வாக்காளர் பட்டியலில் 'முருகன்' என்று தேடி ஒருவர் கிடைத்தால், நாம் தேடிய ஆள் அவராக இருக்க ஓரளவு வாய்ப்பு உண்டு. சென்னை முழுவதுக்குமான பட்டியலில் தேடி ஒரு முருகன் கிடைத்தால்? அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, தற்செயலாகவே எத்தனையோ முருகன்கள் கிடைப்பார்கள். இவ்வளவு பெரிய சேமிப்பில், இவ்வளவு நல்ல பொருத்தம் தற்செயலாக எத்தனை முறை வரும் என்பதுதான் இ-வேல்யூ. பூஜ்யத்தை நெருங்க நெருங்க நம்பலாம். ஒன்று, இரண்டு, ஐந்து என்று இருந்தால் அது வேறு யாரோ ஒரு முருகன். சேமிப்பு பெருத்துக்கொண்டே போவதால், அதே பொருத்தத்துக்கு இன்று கிடைக்கும் எண் சில வருடம் கழித்துக் கிடைக்காது. இதைக் கரும்பலகையில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் அந்தப் பேப்பரின் பாதி ஃபீஸ் நியாயமாகிவிடும்.

இதெல்லாம் அமெரிக்காவில் தோன்றி நமக்கு வந்தது என்று நினைக்க வேண்டாம். நமது கிண்டியிலும் ஒரு பெரிய பங்கு நடந்தது. ஜி.என்.ராமச்சந்திரன் 1952-ல், முப்பது வயதில், சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்தார். 1954-ல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய வடிவம் என்று சொன்னார். 1963-ல் சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் இருவருடன் அவர் வெளியிட்டதுதான் 'ராமச்சந்திரன் வரைபடம்'.

அலுவலக நேரத்து மின்சார ரயிலில் நிற்கும்போது உங்கள் கையை எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் திருப்ப முடியுமா? பக்கத்தில் நிற்பவர் மேல் இடிக்காத சில கோணங்கள்தான் சாத்தியம். புரதச் சங்கிலியும் அப்படித்தான். ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு திருப்பங்கள், அவை எந்தக் கோணத்தில் இருந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று இடிக்காது என்று கணக்குப் போட்டு ஒரு சதுரத்தில் வரைந்துவிட்டார்கள். சதுரத்தின் பெரும்பகுதி 'இடிக்கும்' பகுதி. அப்போது வடிவம் தெரிந்த புரதங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1971-ல் புரத வடிவங்களுக்கென உலகப் பொதுச் சேமிப்பு தொடங்கியபோதுகூட அதில் ஏழுதான் இருந்தன. இன்று இரண்டு லட்சத்துக்கும் மேல். செயற்கை நுண்ணறிவால் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு 2022-ல் 20 கோடிக்கும் மேற்பட்ட கணிப்புகளை இலவசமாகத் திறந்துவிட்டது. அதை உருவாக்கியவர்களுக்கு 2024-ல் வேதியியல் நோபலும் கிடைத்தது. ஆனாலும் ஒரு வடிவம் சரியா என்று பார்க்கும்போது அது முதலில் போட்டுப் பார்க்கப்படும் தராசுகளில் ஒன்று இன்னமும் ராமச்சந்திரன் வரைபடம்தான். அம்பத்தூரில் ரயில் ஏறிப் போகும் தூரத்தில் நடந்த வேலை இது. நம் பிள்ளைகளில் பலர் இதை ஐந்து மதிப்பெண் குறிப்பாக மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள்.

சரி, இதனால் யாருக்கு என்ன லாபம்? காசநோயைச் சொல்கிறேன். இந்த நோய் ஆராய்ச்சியில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. 1956-ல் இங்கே தொடங்கிய மையம் (இப்போது சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் நோய் குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டியது. எங்கள் பக்கத்து அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவல் இயல் நிறுவனம் இருப்பதும் பலருக்குத் தெரியாது.

காசநோய்க்கு முக்கிய மருந்து ரிஃபாம்பிசின். சிலருடைய கிருமிக்கு அது வேலை செய்வதில்லை. பெரும்பாலும் காரணம் ஆர்பிஓபி என்ற ஜீனில், 81 எழுத்துகள் கொண்ட ஒரு சின்னப் பகுதியில் நடக்கும் மாற்றம். அதிலும் அடிக்கடி பார்ப்பது 'டிசிஜி' என்பது 'டிடிஜி' ஆவது. நடுவில் ஒரே ஓர் எழுத்து. செரின் இருந்த இடத்தில் லியூசின் வந்து உட்கார்ந்துவிடும், மருந்து போய்ப் பிடித்துக்கொள்ள முடியாது. 44 லட்சம் எழுத்துகளில் ஒன்று. அரசு மருத்துவமனைகளில் சளியை வைத்துச் செய்யும் சிபிநாட் சோதனை இந்தப் பகுதியில் மாற்றம் இருக்கிறதா என்று சுமார் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. அந்தச் சோதனையை வடிவமைக்க வேண்டுமானால் முதலில் யாரோ ஏராளமான கிருமிகளின் வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும், இல்லையா?

இதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. பழைய கட்டுரைகளில் இந்த மாற்றத்தை 531-ஆம் இடம் என்பார்கள். புதியவற்றில் 450 என்பார்கள். இரண்டும் ஒரே இடம்தான். முதலாவது ஈ.கோலை என்ற வேறொரு பாக்டீரியாவின் ஜீனை வைத்து எண்ணியது, இரண்டாவது காசநோய்க் கிருமியின் சொந்தக் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட மாற்றங்களின் பட்டியலில் இந்தச் சொந்தக் கணக்குதான். இது தெரியாத மாணவி இரண்டு கட்டுரைகளைப் படித்துவிட்டு 'இரண்டு தனித்தனி மாற்றங்கள்' என்று எழுதிவிடுவாள். பட்டன் அழுத்தத் தெரிந்தால் மட்டும் இந்தத் தப்பு கண்ணில் படாது. கிருமியைத் தெரிந்த உயிரியல்காரிக்குத்தான் படும். 'இது கம்ப்யூட்டர் படிப்பா, உயிரியலா' என்ற கேள்விக்கு என் பதிலும் இதுவே.

கம்ப்யூட்டரைக் கண்மூடி நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வேடிக்கை. செப்ட்2, மார்ச்1 என்றெல்லாம் ஜீன்களுக்குப் பெயர் இருந்தது. எக்செலில் தட்டினால் அது தேதி என்று நினைத்துக்கொண்டு '2 செப்டம்பர்', '1 மார்ச்' என்று மாற்றிவிடும். எக்செல் கோப்பில் ஜீன் பட்டியல் இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்த மாதிரிப் பிழை இருந்ததாக 2016-ல் ஓர் ஆய்வு கண்டது. கடைசியில் 2020-ல் ஜீன்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். மென்பொருளுக்காக மனித ஜீன் பெயர் மாற்றிக்கொண்ட கதை!

உயிரியல் பிள்ளைகளில் பலர் கணக்குக்குப் பயந்து அந்தப் பிரிவுக்கு வந்தவர்கள். அவர்களிடம் முதல் வகுப்பிலேயே கறுப்புத் திரையைத் திறந்து பைத்தான் எழுதச் சொன்னால் மிரண்டுவிடுவார்கள். முதலில் கட்டத்தாளில் கையால் இரண்டு சின்ன வரிசைகளைப் பொருத்தச் சொல்ல வேண்டும். பிறகு தாங்களே ஆய்வகத்தில் வளர்த்த பாக்டீரியாவின் வரிசையைக் கொடுத்து 'இது யார் என்று கண்டுபிடி' என்று விட வேண்டும். தான் வளர்த்தது என்றால் ஆர்வம் தானாக வரும். நிரல் எழுதுவதெல்லாம் மூன்றாவது மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம். இதையே படித்து முடித்தால் வேலை உடனே கிடைக்குமா என்றால், அப்படி யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ஆய்வகக் கையும் கணினிக் கையும் சேர்ந்திருக்கும் பிள்ளைக்குத் தட்டுவதற்குக் கதவுகள் கூடுதல்.

இனி லேப்டாப். அவசரப்பட்டு விலை உயர்ந்ததை வாங்க வேண்டாம். ஜீன் சேமிப்பு, புரதச் சேமிப்பு, பிளாஸ்ட் எல்லாமே இலவசம். பெரிய கணக்குகளை எங்கோ இருக்கும் சர்வர்தான் போடுகிறது. பார்க்க, தேட, ஒப்பிட இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கும் போனே போதும். நிரல் எழுதவும் அசைன்மென்ட் செய்யவும் சாதாரண லேப்டாப், முடிந்தால் நல்ல நிலையில் இருக்கும் பழையது. அதற்கு முன்னால் கல்லூரிக்குப் போய் இரண்டு விஷயம் கேளுங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் கணினி ஆய்வகம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும்? செய்முறைத் தேர்வில் முன்பின் பார்க்காத வரிசையைக் கொடுப்பார்களா, அல்லது ரெக்கார்டில் ஒட்டிய அதே வரிசையையா?