கல்லூரிக்குப் போகிறாளா உங்கள் பெண்?

பந்தல்குடியில் காலை பஸ்ஸைப் பிடித்து, அருப்புக்கோட்டைக் கல்லூரிக்குப் போகும் பெண்களைப் பார்த்திருக்கிறீர்களா? குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறுகிறவளும் அவர்களில் இருப்பாள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. நல்ல காரியம்தான். ஆனால் பணத்தால் தீராத சங்கடம் ஒன்று உண்டு.

பள்ளியில் தமிழில் படித்த பெண், கல்லூரியில் பாடத்தை ஆங்கிலத்தில் கேட்டுத் திகைக்கிறாள். சந்தேகம் கேட்டால் சிரிப்பார்களோ என்று வாய் திறப்பதில்லை. "எல்லாம் புரிகிறது, அம்மா" என்று வீட்டில் பொய் சொல்கிறாள். பரீட்சையில் குட்டு வெளிப்பட்டதும், "படிப்பே வேண்டாம்" என்கிறாள்!

மேதைகளுக்கும் முதல் வருஷம் இடறும். 1904-ல் உதவிச் சம்பளத்துடன் கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்த ராமானுஜன், கணக்கிலேயே மூழ்கி, மற்றப் பாடங்களில் தவறி, அந்தச் சம்பளத்தை இழந்தார். 1905-ல் வீட்டை விட்டே போய்விட்டார்.

ஆகவே, சகோதரிகளே, ஆரம்பத்திலேயே துணை தேடுங்கள். பல கல்லூரிகளில் மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஓர் ஆசிரியரை வழிகாட்டியாக வைத்திருக்கிறார்கள். அவர் யாரென்று முதல் வாரமே விசாரித்து, மகளைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அதே பஸ்ஸில் போகும் மூன்றாம் வருஷத்துப் பெண் கிடைத்தால் இன்னும் விசேஷம். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், அந்த வாரம் புரியாத இரண்டே பக்கங்கள், நடுவில் உங்கள் கைக் காப்பி. அது போதும்.

நீங்களும் "எத்தனை மார்க்?" என்பதற்கு முன், "இன்று எது புரியவில்லை?" என்று கேளுங்கள். வீட்டில் வெட்கமில்லாமல் சொல்லப் பழகியவள், வகுப்பிலும் கை தூக்குவாள்.