ஹைதராபாத்தில் ஒரு தமிழ் ஷோ

ரஜினி படம் வருகிறது என்றால் ஹைதராபாத்தில் கொண்டாட்டத்துக்குக் குறையே இல்லை. ஆர்டிசி எக்ஸ் ரோட்ஸ் பக்கம் போனால் பேனர், மாலை, பட்டாசு எல்லாம் உண்டு. 2025 ஆகஸ்ட் 14-ல் 'கூலி' வந்தபோது வில்லனாக நாகார்ஜுனா வேறு இருந்தார், கேட்க வேண்டுமா? என்ன, திரையில் தலைவர் வாயைத் திறந்தால் வருவது மனோவின் குரல். தொண்ணூறுகளிலிருந்தே தெலுங்கு ரசிகர்களுக்கு ரஜினி குரல் என்றால் மனோதான். கமலுக்குப் பல படங்களில் எஸ்.பி.பி. பேசினார். கார்த்தி மட்டும் யாரையும் நம்பாமல் தானே தெலுங்கில் பேசிவிடுகிறார். (அந்தத் தெலுங்கு என் தெலுங்கைவிட எவ்வளவோ தேவலாம். பதினான்கு வருஷமாக இங்கே பொட்டி தட்டியும் எனக்கு ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுகிற அளவுதான் வந்திருக்கிறது.)

இதிலெல்லாம் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. சொல்ல வந்த மேட்டர் வேறு. தமிழ்ப் படத்தின் தெலுங்கு வடிவத்துக்கு ஊர் முழுக்க ஷோ. அதே படத்தைத் தமிழிலேயே பார்க்க வேண்டுமென்றால் ஏதோ ஒரு மல்டிபிளெக்ஸில், ஏதோ ஒரு மூலையில், காலை எட்டரைக்கோ ராத்திரி பத்தரைக்கோ ஒன்றே ஒன்று. பெரிய ஹீரோ என்றால் முதல் வாரம் கொஞ்சம் தாராளம் காட்டுவார்கள். சின்னப் படம் என்றால் ஞாயிற்றுக்கிழமையோடு மூட்டை கட்டிவிடும்.

2024 செப்டம்பரில் 'மெய்யழகன்' வந்தபோது அம்மா எங்களோடு இருந்தார். அம்மாவுக்குச் சொந்த ஊர் கும்பகோணம். கதையோ, 1996-ல் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன ஒருவர், பல வருஷம் கழித்து நீடாமங்கலத்துக்கு ஒரு கல்யாணத்துக்காக வருவது. ஊரை விட்டு வந்த நமக்காகவே எடுத்த மாதிரி படம். தமிழ் 27-ம் தேதி, தெலுங்கில் 'சத்யம் சுந்தரம்' என்ற பேரில் மறுநாள். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ தூரத்தில் தெலுங்கு ஷோ ஐந்தாறு. தமிழ் ஷோ ஒன்றுதான், நகரத்தின் அடுத்த கோடியில், ராத்திரி பத்தே காலுக்கு. தங்கமணி சுலபமாகச் சொல்லிவிட்டாள், "பக்கத்துலயே தெலுங்குல பாத்துட்டு வந்துடலாம், என்ன இப்போ?" என்று. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தெலுங்கில் அம்மாவுக்குத் தெரிந்தது 'பாகுன்னாரா' மட்டும்.

கடைசியில் அந்த ராத்திரி ஷோவுக்கே போனோம். இடைவேளையில் அம்மா, அரவிந்த்சாமியைக் கார்த்தி வாய்க்கு வாய் 'அத்தான், அத்தான்' என்று கூப்பிடுவதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "எங்க சித்தி பையன் ஒருத்தன் இப்படித்தான் ஒட்டிக்கிட்டே திரிவான்." 'அத்தான்' என்பதற்குத் தெலுங்கில் 'பாவா' இருக்கிறது. உறவும் அதே, செல்லமும் அதே. எதிர்வீட்டு ராவ் காரு தெலுங்கில் பார்த்துவிட்டுக் கண் கலங்கினேன் என்றார், நான் நம்புகிறேன். ஆனால் அம்மாவுக்கு அந்தச் சித்தி பையன் ஞாபகம் வந்தது தஞ்சாவூர்ப் பேச்சைக் கேட்டதால்தான்.

ஏன் இப்படி நடக்கிறது என்று கேட்டால், யாரும் நமக்கு எதிராகச் சதி செய்யவில்லை. இந்தப் பக்கத்தை சினிமா வியாபாரத்தில் இன்னமும் நைஜாம் ஏரியா என்றுதான் சொல்வார்கள். ஒரு தமிழ்ப் படத்தின் தெலுங்கு உரிமையைக் காசு கொடுத்து வாங்கியவருக்கு அந்தக் காசை எடுக்க வேண்டும். 2016-ல் நம்ம 'பிச்சைக்காரன்' இங்கே 'பிச்சகாடு' என்று வந்து தமிழ்நாட்டைவிடப் பெரிய ஓட்டம் ஓடியது. அந்த மாதிரி ஒரு லாட்டரி அடிக்கும் என்ற ஆசை எல்லாருக்கும் இருக்காதா? தியேட்டர்காரர் அட்வான்ஸ் புக்கிங் எவ்வளவு என்று பார்த்துத்தான் திரையை ஒதுக்குகிறார். நாமோ வெள்ளிக்கிழமை வரை விமர்சனம் படித்து, சனிக்கிழமை நண்பர்களைக் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்பலாமா என்று யோசிக்கிற ஜாதி. அதற்குள் தமிழ் ஷோ இருந்த இடத்தில் வேறு படம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு தடவை புக் பண்ணிய ஷோவையே 'போதிய டிக்கெட் விற்கவில்லை' என்று கேன்சல் செய்து பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மொத்தம் ஏழு பேராம்!

படத்தைவிட எனக்குப் பெரிய கவலை பாட்டு. படம் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும், பாட்டு வருஷக்கணக்கில் கூடவே வரும். 2022-ல் 'பொன்னியின் செல்வன்' வந்த சமயம் என் மகளுக்கு எட்டு வயது. ஸ்கூல் டான்ஸுக்காக ரஹ்மானின் அந்த நதிப் பாட்டைத் தெலுங்கில் மனப்பாடம் செய்திருந்தாள். தமிழில் 'பொன்னி நதி' என்று வருகிற இடம் தெலுங்கில் 'பொங்கே நதி'. அதாவது பொங்குகிற நதி. டப்பிங் பாட்டு எழுதுகிறவரின் கஷ்டம் தெரிந்தால் இதைப் பாராட்டத்தான் வேண்டும். மெட்டின் அளவு மாறக்கூடாது, க்ளோசப்பில் உதடு மூடுகிற இடத்தில் இவருக்கும் ப, ம மாதிரி ஒரு எழுத்து வந்தாக வேண்டும், அர்த்தமும் அந்தக் காட்சியை விட்டு ஓடக்கூடாது. 'பொன்னி'க்குப் பதில் 'பொங்கே' என்பது கிட்டத்தட்ட அதே ஓசை, நதிக்கும் பொருத்தம். கெட்டிக்காரத்தனமான வேலை. ஆனால் நதியின் பேர் போய்விட்டது.

ஒரு நாள் காரில் போகும்போது, "படத்து பேர்ல பொன்னின்னு வருதே, அது யாருப்பா? ஹீரோவோட அம்மாவா?" என்று கேட்டாள். காவிரிடா கண்ணு என்றேன். "ஓ, பெங்களூர்ல தண்ணி சண்டை வருமே, அதுவா?" என்றாள். கும்பகோணத்துப் பாட்டியின் பேத்தி!

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். நம் பிள்ளைகள் பள்ளியில் படிப்பது ஆங்கிலம், தெலுங்கு, ஹிந்தி. வீட்டுத் தமிழ் என்பது 'சாப்பிட்டியா, ஹோம்வொர்க் முடிச்சியா, ஃபேனை அணை' அளவில் நின்றுபோகிறது. 'மல்லி', 'தோழன்', 'முகில்' மாதிரி வார்த்தையெல்லாம் ஒரு குழந்தையின் காதில் விழுகிற ஒரே இடம் சினிமாப் பாட்டுதான். செகந்திராபாத்தில் தமிழ்ச் சொந்தங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள், பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி கோயிலுக்கு ஒரு கிருத்திகை அன்று போய்ப் பாருங்கள், தமிழ் காதில் விழும். மியாப்பூர், கொண்டாப்பூர் அபார்ட்மெண்ட்டுகளில் வளர்கிற நம் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பும் கிடையாது.

அதற்காக டப்பிங்கே கூடாது என்று சண்டைக்கு நிற்கிறவன் இல்லை நான். நின்றால் எங்கள் வீட்டிலேயே அடி விழும். அம்மாவுக்குப் பிடித்த படம் 'சலங்கை ஒலி'. அது கே.விஸ்வநாத் 1983-ல் தெலுங்கில் எடுத்த 'சாகர சங்கமம்'. வேட்டூரி எழுதிய இடத்தில் நமக்கு வைரமுத்து. மணிரத்னத்தின் 'இதயத்தைத் திருடாதே'யும் அப்படித்தான், 1989-ல் வந்த தெலுங்கு 'கீதாஞ்சலி'. இரண்டுக்கும் ராஜா இசை. இதில் எந்தப் பாட்டு 'ஒட்டுப் போட்டது' என்று சொல்லுங்கள் பார்ப்போம்? அதே மாதிரி 'அலைபாயுதே' இங்கே 'சகி' ஆனபோது எழுதியவரும் வேட்டூரிதான். என்னோடு வேலை பார்ப்பவர்கள் அந்தப் பாட்டுகளை அவர்களுடைய சொந்தச் சொத்து மாதிரிப் பாடுகிறார்கள். பாடட்டுமே!

நான் கேட்பது மூலமும் பக்கத்தில் இருக்கட்டும் என்பதுதான். இதற்கு ஒரு பழைய முன்னுதாரணம் நம்மிடமே இருக்கிறது. 1978-ல் பாலசந்தர் தெலுங்கில் 'மரோ சரித்ரா' எடுத்தார். விசாகப்பட்டினத்தில் ஒரு தமிழ்ப் பையனும் தெலுங்குப் பெண்ணும். அந்தப் படம் டப் செய்யாமல், தெலுங்காகவே, சென்னையில் 500 நாளுக்கு மேல் ஓடியது. சப்டைட்டிலும் கிடையாது, செல்போனில் அர்த்தம் தேடவும் வழியில்லை. மெட்ராஸ்காரர்கள் போய் உட்கார்ந்து கேட்டுப் புரிந்துகொண்டார்கள். இன்று அதே ஒன்றரை மணி நேர விமான தூரத்தில், ஆங்கில சப்டைட்டில் வசதியோடு, ஒரு தமிழ் ஷோவை நான்கு நாள் ஓட்ட முடியவில்லை.

2024-ல் 'வேட்டையன்' அதே தமிழ்ப் பேரோடு தெலுங்கில் வந்தபோது இங்கே பலர் கோபப்பட்டார்கள், தெலுங்குப் பேர் வைக்கக்கூடவா சோம்பல் என்று. நான் அவர்கள் கட்சி. தயாரிப்பாளர்கள் தெலுங்குப் பேர் கிடைக்கவில்லை என்று விளக்கம் சொன்னார்கள், அது இருக்கட்டும். தெலுங்கில் கொடுத்தால் ஒழுங்காகத் தெலுங்கில் கொடு, தமிழில் கொடுத்தால் தமிழில் கொடு. பேரைத் தமிழில் விட்டுவிட்டுப் படத்தைத் தெலுங்காக்கியதில் இரண்டு பக்கத்துக்கும் திருப்தி இல்லை.

நல்ல விஷயமும் சொல்ல வேண்டும். ஹைதராபாத்தில் இருக்கிற இசைப் பைத்தியத்துக்கு டபுள் போனஸ் காலம் இது. அனிருத் 'ஜெர்சி'க்குப் பிறகு 'தேவரா', 'கிங்டம்' என்று இங்கேயும் ஒரு வீடு வைத்துக்கொண்டார். ஜி.வி.பிரகாஷ் தமிழிலும் தெலுங்கிலும் வந்த 'வாத்தி'க்கு 2025-ல் தேசிய விருது அறிவிக்கப்பட்டார். தேவி ஸ்ரீ பிரசாத் 'குபேரா'வில் தனுஷுக்கு. 2025 நவம்பரில் ராம் சரணின் 'பெத்தி' படத்துக்காக ரஹ்மான் ஒரு பாட்டை விட்டார், மோஹித் சௌகான் குரலில். ஆபீஸ் கேப் முழுக்க ஒரு மாதம் அதுதான். மதுரையிலிருந்து தங்கை மகன் தமிழில் கேட்கிறேன் என்றான். நான் தெலுங்கில் கேட்டேன், மகளைப் பக்கத்தில் வைத்து அர்த்தம் கேட்டுக்கொண்டே. புச்சி பாபு தெலுங்கில் நினைத்த படம், தெலுங்கில்தான் கேட்பேன். பதிலுக்கு அடுத்த தமிழ்ப் படத்துப் பாட்டை அவள் என்னிடம் தமிழில் அர்த்தம் கேட்க வேண்டும். ஒப்பந்தம் அப்படி.

ஆகவே நம்ம ஊர் சனங்களுக்கு ஒரு விண்ணப்பம். தமிழ் ஷோ அறிவித்தால் புதன்கிழமையோ வியாழக்கிழமையோ, கண்ணில் பட்டதும் புக் பண்ணுங்கள். நாலு குடும்பம் சேர்ந்து பண்ணினால் அதுவே பதினைந்து டிக்கெட், ஏழு பேர் கதை நடக்காது. தெலுங்கு நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், சப்டைட்டில் இருக்கிறது, மிச்சத்தை நீங்கள் காதில் சொல்லுங்கள். புக் பண்ணும்போது மட்டும் கொஞ்சம் உஷார். ஆப்பில் படத்துப் பேர் பெரிசாக இருக்கும், மொழி பொடி எழுத்தில் கீழே இருக்கும். பார்த்து அழுத்துங்க :-)