ஃப்ரீசர்ல போட்டா கிருமி செத்துடுமா?

போன வாரம் எங்க வீட்டில் ஒரு சின்னச் சண்டை. காரணம் ஒரு டப்பா மாம்பழக் கூழ். சீசன் சமயத்தில் அம்மா அரைத்து ஃப்ரீசரில் போட்டு வைத்தது. வளைகாப்பு முடிந்து அக்கா வந்திருக்கிறாள், மில்க்‌ஷேக் கேட்டாள். ஆனால் நடுவில் ஒரு நாள் ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லாமல் அந்தக் கூழ் தண்ணியாகி, காலையில் மறுபடி கட்டியானதை நான் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்றேன்.

"ஐஸ்லயே கிடந்துச்சேடா, எந்தக் கிருமி உயிரோட இருக்கும்?" இது அம்மா.

அம்மா மட்டும் இல்லைங்க, நம்மில் பாதிப் பேர் நினைப்பு இதுதான். குளிர் கிருமியைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது. -18 டிகிரியில் பாக்டீரியா பெருகாது, அவ்வளவுதான். உருகினால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். லிஸ்டீரியா என்று ஒன்று இருக்கிறது, அது சாதாரண ஃப்ரிட்ஜ் குளிரில்கூட மெதுவாக வளரும். கர்ப்பிணிகளுக்கு வந்தால் குழந்தைக்கே ஆபத்து. நான் அடம் பிடித்ததற்குக் காரணம் அதுதான்.

வைரஸ் கதை வேறு. அது பழத்தில் பெருகாது, ஆனால் ஐஸில் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். 2012-இல் ஜெர்மனியில் பள்ளிகளிலும் குழந்தைகள் காப்பகங்களிலும் சுமார் 11,000 பேருக்கு வாந்தி, பேதி. சீனாவிலிருந்து வந்த உறைந்த ஸ்ட்ராபெர்ரியில் நோரோவைரஸ். 2016-இல் அமெரிக்காவில் 143 பேருக்கு ஹெபடைடிஸ் ஏ, அதாவது மஞ்சள் காமாலை. பெரும்பாலானோர் ஒரே கம்பெனியின் கடைகளில் ஸ்மூத்தி குடித்தவர்கள். பழம் எகிப்திலிருந்து வந்தது. தோட்டத்துத் தண்ணீரிலோ பறித்தவர் கையிலோ இருந்த அழுக்கு, கடல் தாண்டி மிக்ஸி வரை வந்துவிடுகிறது!

இந்த நோய் தெரிய சராசரியாக நாலு வாரம் ஆகும். போன மாசம் எந்தக் கடையில் என்ன ஜூஸ் குடித்தோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? அதனால்தான் கடைக்காரர் பாக்கெட்டைப் பிரித்ததும் லேபிளைத் தூக்கி எறிவது எனக்குப் பிடிக்கவில்லை. கம்பெனி பெயர், பேட்ச் எண், பிரித்த தேதி மூன்றும் அந்தப் பழம் தீரும் வரை இருக்க வேண்டும். அமெரிக்காவில் எகிப்து வரை போக முடிந்ததே கொள்முதல் கணக்கை வைத்துத்தான்.

எங்க காலேஜ் பக்கத்தில் ஒரு ஜூஸ் கடை. சீதாப்பழக் கூழ் ஒரு செங்கல் மாதிரி இருக்கும். ஒவ்வொரு ஆர்டருக்கும் வெளியே எடுத்து, கத்தியால் உடைத்து, மீதியைக் கவுண்டரிலேயே விட்டு, கூட்டம் குறைந்ததும் திரும்ப உள்ளே வைக்கிறார். மதியத்துக்குள் பத்து தடவை! அவரைத் திட்டி என்ன பயன், யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஒரு ஆர்டருக்கு ஒன்று என்று சின்னச் சின்ன பொட்டலமாக உறைய வைத்தால் போதும், செலவும் இல்லை. (சொல்லிப் பார்த்தேன். "நீ குடிக்கிறியா, கிளம்புறியா?" என்றார்.)

வீட்டிலும் அதேதான். ஒரு வேளைக்கு ஆகிற அளவு சின்ன டப்பா, மேலே தேதி. உருக வைப்பது மேடையில் இல்லை, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த பெரிய ஃப்ரீசர் 48 மணி நேரம்கூடத் தாங்கும், நம்ம ஃப்ரிட்ஜ் மேல்தட்டு அவ்வளவு தாங்காது. ஐஸ் துகள் இன்னும் தெரிந்தால் திரும்ப உறைய வைக்கலாம், முழுசாக உருகி வெதுவெதுப்பானால் போச்சு. வெளிநாட்டு பெர்ரி பாக்கெட் வாங்குபவர்கள் ஃபின்லாந்துக்காரர்கள் வழியைப் பின்பற்றலாம். அங்கே அரசே இரண்டு நிமிடம் கொதிக்க வைத்துச் சாப்பிடச் சொல்கிறது. ருசி கொஞ்சம் ஜாம் மாதிரி ஆகும்தான், வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்குக் கொடுக்கும்போது நான் அதைப் பார்க்க மாட்டேன்.

அந்த மாம்பழ டப்பா கடைசியில் குப்பைக்குப் போனது. அக்கா வாழைப்பழ மில்க்‌ஷேக் குடித்தாள். அம்மா இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை, கிலோ என்ன விலைக்கு வாங்கினேன் தெரியுமா என்பதைத் தவிர.